உள்விளிம்பு

கோல்ஃபை ஆறு சென்டிமீட்டர் இறக்கிய அன்று
பனேவெஜிஸ் முழுக்க ஒரு சுற்று சுற்றினோம்,
நானும் ரிம்விதாசும்.
டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே
என் சுண்டுவிரல் மட்டும் போகும்.
அதைப் படம் எடுத்து
அக்காவுக்குக்கூட அனுப்பினேன்.
அவள் கேட்டாள்:
‘பஞ்சரா?’

குனியக் குனியக் குட்டு விழும் என்பது
காருக்கும் பொருந்தும்.
ஊரின் ஒவ்வொரு வேகத்தடையும் குட்டியது.
மாவு மில் வாசலில் இருப்பதைக்
கோணலாக ஏறிக் கோணலாக இறங்கக் கற்றுக்கொண்டேன்.
பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்குக்
கை காட்டவும்.

தினமும் காலையில்
வேலைக்குக் கிளம்பும்முன்
ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பேன்.
டயர்கள் நான்கும் புதுசு மாதிரி,
பள்ளம் பள்ளமாக, கறுப்பாக, ஒழுங்காக.

நவம்பரில்
ஷவுலெய் சாலையில், வாத்துப்பண்ணை வளைவில்,
மழை என்றுகூடச் சொல்ல முடியாத மழையில்
கார் என்னைக் கேட்காமல்
அரை ஆள் தூரம் பக்கவாட்டில் நடந்தது.
எதிரே யாருமில்லை.
பால் லாரி அதற்கப்புறம்தான் வந்தது.

வைகந்தாஸ் காரைத் தூக்கினார்.
ஸ்டியரிங்கை ஒடித்துச்
சக்கரத்தின் முதுகுப்பக்கம் விளக்கைப் பிடித்தார்.
உள்விளிம்பில் ரப்பரே இல்லை.
இரும்புக் கம்பிகள்
மூன்று நாள் தாடி மாதிரி வெளியே.
இரண்டு விரல் தள்ளி
அதே டயர் புதுசு.

ஒரு யூரோவை எடுத்து
வெளிப்பக்கப் பள்ளத்தில் நிறுத்தினார்:
பொன்வளையம் முழுகியது.
உள்ளே வைத்தார்:
நாணயத்துக் குதிரைவீரன்
குளம்பு நனையாமல் நின்றான்.

‘எத்தனை கிலோமீட்டர்?’
‘ஒன்பதாயிரம்.’
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டார்.

காரை இறக்கியவள் நான்.
தரையில் ஒரு தடவை இறங்கிப் படுத்து
அடியில் பார்க்காதவளும் நான்.

தப்பு கேம்பருடையது என்று நினைத்தேன்,
சக்கரம் தலையை உள்ளே சாய்த்து நிற்பதால் என்று.
அதுதானே எனக்குப் பிடித்த நிற்பு.
‘சாய்வு மெதுவாகத் தின்னும்’ என்றார்,
‘இது வேறே.’
திரையில் இரண்டு சிவப்பு எண்கள்.
முன்சக்கரங்கள்
ஒரே சோபாவைத் தூக்கிக்கொண்டு
ஆளுக்கொரு வாசலைப் பார்க்கும் இருவர் போல.
நேராகப் போன ஒவ்வொரு மீட்டரும்
ரப்பரைச் சாலையில் தேய்த்துக்கொண்டுதான்
நேராகப் போயிருக்கிறது.
உயரம் குறைந்ததும் டை ராட் கோணம் மாறும்,
அலைன்மென்ட் பார்க்கணும் என்று
யாரும் சொல்லவில்லையா?
சொன்னார்கள்.
அந்த மாதம் ரிம்முக்குப் பணம் கட்டியிருந்தேன்.

‘முதலில் உயரம், பிறகுதான் கோணம்.
நான் வைத்தபிறகு ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது.
எத்தனை சுற்று ஏற்றலாம்?’
கொக்கிச்சாவியோடு நின்றார்.
மூன்று என்றேன்.
ஏழு என்றார்.
காய்கறிச் சந்தையில் நிற்பதுபோல
ஐந்தில் முடித்தோம்.
முட்டைவடிவ போல்ட் இரண்டு,
டயர் இரண்டு,
நூற்றுத் தொண்ணூற்றைந்து யூரோ.
பழைய டயர்களை வேண்டாம் என்றுவிட்டேன்.
வாசலில் அவை
வெளிப்பக்கம் தெரியும்படி சாய்ந்திருந்தன,
யாரோ புதுசைத் தூக்கி எறிந்தது மாதிரி.

திரும்பி வரும்போது
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன்.
ஒரு, இரண்டு, மூன்று, நான்கு.
கார் தன்பாட்டுக்கு நேராகப் போனது.
எனக்குக் கொஞ்சம்
ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில்
எங்கள் கூட்டம்; பதினோரு கார்கள், ஒரு தெர்மாஸ்.
ரிம்விதாஸ் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.
ஃபெண்டருக்குள் விரலை விட்டான்,
இன்னொரு விரலையும் விட்டான்.
‘ஏற்றிட்டியா, ஸ்கிர்மாந்தே?’
பெண் பிள்ளையாகிட்டியா என்ற குரலில்.

நான் பதில் சொல்லவில்லை.
ஒரு யூரோவைக் கையில் கொடுத்தேன்.
‘உன் டயரில் வை. உள்பக்கம்.’

சிரித்துக்கொண்டேதான் குனிந்தான்.
குனிந்தால் கை எட்டவில்லை.
முட்டி போட்டான்.
அப்புறம் ஜாக்கெட்டைக்கூட விரிக்காமல்
சேறும் பனியும் கலந்த தரையில்
மல்லாந்து
தோள்வரை உள்ளே போனான்.

தெர்மாஸ் ஒரு சுற்று வந்து முடிந்தது.
அவன் பூட்ஸ் இரண்டும்
அசையாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.